கம்பம் பன்னீர் திராட்சையை இயற்கை முறையில் வளர்த்து ஒயின் ஆலைக்கு விற்பது எப்படி? புதிதாக இறங்குபவர்களுக்கு

சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு அப்பாவின் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டத்தைக் கையில் எடுத்தபோது, மூன்று வருடத்தில் இயற்கைச் சான்று வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். நான்கு வருடம் ஆனது. அந்தக் கூடுதல் வருடத்துக்குக் காரணம் பூச்சியோ மழையோ இல்லை, விவரம் தெரியாததுதான். கம்பம் பள்ளத்தாக்கில் காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, கூடலூர் பக்கம் யாராவது இதே எண்ணத்தில் இருந்தால் அந்த ஒரு வருடமாவது மிச்சமாகட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் "மருந்துக்குப் பதிலா என்ன அடிக்கிறீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். "எப்ப கவாத்து பண்றீங்க?" என்று ஒருவரும் கேட்பதில்லை. கவாத்து என்றால் கொடியின் குச்சிகளை வெட்டிவிடுவது. இந்த வேலையில் பாதி அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

1. வாங்குபவரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்

நான் செய்த முதல் தவறு, பழம் வந்த பிறகு ஆளைத் தேடியது. நம் ஊர் வியாபாரி பழத்தைப் பார்ப்பது நிறத்துக்கும் குலையின் அழகுக்கும்தான். ஒயின் ஆலைக்காரர் பையிலிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்து, நாலு பழத்தைப் பிழிந்து இனிப்பு அளக்கிறார். அந்தக் கருவிக்கு ரிஃப்ராக்டோமீட்டர் என்று பெயர். பிரிக்ஸ் கணக்கில் (சாற்றில் உள்ள இனிப்பின் அளவு) எவ்வளவு காட்டினால் எடுப்பார், அதற்குக் கீழே போனால் விலையில் எவ்வளவு கழிப்பார், எத்தனை டன் எடுப்பார், வண்டி வாடகை யார் தலையில் என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுதி வாங்குங்கள். நீங்களும் அந்தக் கருவியை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்துப் பார்க்கும் சாதாரண வகை போதும்.

தமிழ்நாட்டில் ஒயின் ஆலைகள் குறைவு. கர்நாடகத்தில் கூடுதல். அங்கே 2007-இல் தனி ஒயின் கொள்கையே வந்தது, ஒயின் வாரியமும் இருக்கிறது. ஆனால் கம்பத்திலிருந்து பெங்களூரு ஒரு ராத்திரிப் பயணம். பன்னீருக்குத் தோல் மெல்லிது என்பதை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "நாமே வீட்டில் கொஞ்சம் போட்டு விற்றால் என்ன?" என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். உரிமம் இல்லாமல் ஒயின் தயாரிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கிறிஸ்துமஸ் கேக்குக்கு என்று சொன்னாலும் அதே சட்டம்தான்.

2. எந்தச் சான்று என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் கீழ் வரும் மூன்றாம் தரப்புச் சான்று. மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான அபேடா இதை நடத்துகிறது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட விதைச்சான்று மற்றும் உயிர்மச் சான்றளிப்புத் துறை தருகிறது. பழைய ஆட்கள் அங்ககச் சான்று என்பார்கள். தனியார் நிறுவனங்களும் தருகின்றன, கட்டணம் அதிகம்.

இரண்டாவது பிஜிஎஸ். பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை ஒருவர் பார்த்துச் சான்று தரும் முறை. ஐந்து பேராவது வேண்டும். கட்டணம் இல்லை. உள்ளூரில் நேரடியாகப் பழம் விற்பவருக்கு இது தாராளமாகப் போதும். ஏற்றுமதிக்கு மட்டும் செல்லாது.

ஒயின் ஆலைக்கு என்றால் முதல் வழிதான். ஆலை தன் பாட்டிலில் இயற்கை என்று அச்சடிக்க வேண்டுமானால் அதற்கும் தனியாகச் சான்று வேண்டும். உங்கள் சான்று பழத்தோடு நின்றுவிடும். அதனால், சான்றே இல்லாத ஆலை "இயற்கைப் பழம் கொடுங்க, நல்ல விலை தர்றோம்" என்று சொன்னால், அந்த நல்ல விலையை எப்படித் திரும்ப எடுக்கப்போகிறார்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

திராட்சை பல ஆண்டுப் பயிர் என்பதால், ரசாயனத்திலிருந்து இயற்கைக்கு மாறும் மாற்றக் காலம் மூன்று வருடம், அதாவது 36 மாதம். நான் ஒரு வருடத்தைத் தொலைத்தது இங்கேதான். யூரியாவையும் மருந்தையும் நிறுத்திய நாளிலிருந்து கணக்கு என்று நினைத்துக்கொண்டு, ஒரு வருடம் கழித்து நிதானமாக விண்ணப்பித்தேன். கணக்கு விண்ணப்பத்திலிருந்துதான் தொடங்கியது. நிறுத்தியதற்கு என்னிடம் ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. நீங்கள் நிறுத்துகிற வாரமே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

3. காகிதங்கள்

எனக்குக் கேட்கப்பட்டவை இவை:

- விண்ணப்பப் படிவமும் துறையோடு போடும் ஒப்பந்தமும், எல்லாம் மூன்று நகல்
- பண்ணையின் பொது விவரக் குறிப்பு, ஆண்டுப் பயிர்த் திட்டம்
- பண்ணை வரைபடம்
- சிட்டா, அடங்கல்
- மண், பாசன நீர்ப் பரிசோதனை அறிக்கை
- ஆதார், பான் அட்டை, புகைப்படம்

கட்டணம் நான் கட்டியபோது சிறு, குறு விவசாயிக்கு 2,700 ரூபாய், மற்றவர்களுக்கு 3,200, குழுவுக்கு 7,200. இது ஒருமுறையோடு முடிவதில்லை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். சிறு, குறு விவசாயி சான்று கையில் இருந்தால்தான் குறைந்த கட்டணம். இரண்டரை ஏக்கர் வரை குறு, ஐந்து ஏக்கர் வரை சிறு. இ-சேவை மையத்தில் 60 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். அதை முதலில் வாங்கிவிடுங்கள், ஏனென்றால் சொட்டுநீருக்கும் அதே சான்றுதான். சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம். சொட்டுநீர் இல்லாமல் இயற்கைத் திராட்சைக்குப் போகாதீர்கள். வாய்க்காலில் பாயும் தண்ணீர் பக்கத்துத் தோட்டத்து உரத்தையும் சேர்த்துக் கொண்டுவரும், பந்தலுக்கு அடியில் ஈரத்தையும் தேக்கும்.

இரண்டு பொறிகள். பட்டா தாத்தா பெயரில் இருந்தால் பெயர் மாற்றத்தை இப்போதே தொடங்குங்கள். எனக்கு அதற்கே மாதக்கணக்கில் ஆனது. அடுத்தது அடங்கல். அதில் பயிர் திராட்சை என்று இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் எந்தக் காலத்திலோ போட்டிருந்த வாழை அப்படியே இருந்தது.

கையோடு இன்னொரு சின்ன வேலையும் முடித்துவிடலாம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைப் போட்டு விற்க, சென்னை கிண்டியில் உள்ள பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிய வேண்டும். கட்டணம் பத்தே ரூபாய். பக்கத்திலேயே பதிந்த விவசாயி யாராவது இருப்பார், அவரிடம் படிவத்தை நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. கவாத்துத் தேதி

சரி, தோட்டத்துக்கு வருவோம்.

வருடம் முழுக்கப் பழம் என்பது நம் பள்ளத்தாக்கின் பெருமை. இரண்டு வருடத்தில் ஐந்து அறுப்பு எடுப்பார்கள். இயற்கைக்கு மாறினால் அந்தப் பெருமையைக் கொஞ்சம் ஓரங்கட்ட வேண்டும். வருடத்துக்கு இரண்டு அறுப்புதான்.

கவாத்து செய்த நாளிலிருந்து அறுப்பு வரை ஏறக்குறைய நான்கு மாதம். டிசம்பர் கடைசி, ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மேயில் பழம். இந்த அறுப்பில் வெயில் உங்கள் பக்கம். நோய் குறைவு, இனிப்பு ஏறும், ஒயினுக்கு இதுதான் சரியான பழம். அடுத்து மே கடைசி, ஜூனில் வெட்டினால் செப்டம்பர் வாக்கில் பழம். தென்மேற்குப் பருவக்காற்றோடு வரும் சாரல் நடுவில் தொல்லை கொடுக்கும், சமாளிக்கலாம். அப்புறம் கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள். செப்டம்பரில் வெட்டினால் ஐப்பசி மழையில் பூவும் பிஞ்சும் சிக்கும். பூவில் மழை பட்டால் உதிரும், இலையில் பட்டால் அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோய் வரும், பழுக்கும் நேரத்தில் பட்டால் பழம் வெடிக்கும். ரசாயனத் தோட்டக்காரர்கள் அந்த அறுப்பை வாரம் இரண்டு மருந்து அடித்துத் தூக்கி நிறுத்துகிறார்கள். நம்மிடம் அந்த ஆயுதம் இல்லை.

முதல் வருடம் நான் கேட்கவில்லை. தீபாவளி விலைக்கு ஆசைப்பட்டு ஜூலையில் வெட்டினேன். ஐப்பசி முதல் வாரம், பழம் நிறம் ஏறிக்கொண்டிருக்கும்போது நான்கு நாள் விடாத மழை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வரப்பில் நின்று, "தம்பி, சான்றாவது ஒண்ணாவது, இன்னைக்கு ஒரு மருந்து அடிச்சுவிடு, இல்லைன்னா கொடியோட போயிரும்" என்றார். அடிக்கவில்லை. அந்த அறுப்பில் பாதிக்கு மேல் வெடித்து, ஈ மொய்த்து, குப்பைக்குழிக்குப் போனது. அவர் சொன்னதில் தப்பில்லை. நான் வெட்டிய தேதிதான் தப்பு.

பன்னீருக்கு நான்கு கண் (குச்சியில் துளிர்விடும் மொட்டு) விட்டு வெட்டுங்கள். மெலிந்த குச்சியை ஒன்று, இரண்டு கண்ணோடு நிறுத்திவிடுங்கள், அது அடுத்த அறுப்புக்குக் காய்க்கும் குச்சியாக வளரட்டும். கண் சீராக உடைய வெட்டிய குச்சியில் தடவுகிறார்களே ஹைட்ரஜன் சயனமைடு, அது இயற்கை முறையில் கூடாது. அதனால் துளிர் ஒரே நாளில் வராது, முன்பின்னாகத்தான் வரும். அறுப்பையும் இரண்டு தவணையாக எடுக்க வேண்டியிருக்கும். இதை ஆலைக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வெட்டிய குச்சியை வரப்பில் குவித்துக் கொளுத்தாதீர்கள். நோயில்லாத குச்சியைத் துண்டாக்கி மட்கவைக்கலாம். கரும்புள்ளி விழுந்த குச்சியை மட்டும் பொறுக்கித் தோட்டத்தை விட்டு வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

5. மண்

கவாத்து முடிந்த அன்று பந்தல் வெட்டவெளியாக இருக்கும். அடுத்த ஒன்றரை மாதம் தரைக்கு வெயில் கிடைக்கும் ஒரே நேரம் அதுதான். அந்த வாரமே சணப்பு, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரப் பயிர்களை விதைத்து, பூ எடுக்கும்போது மடக்கி அங்கேயே மூடாக்காகப் போட்டுவிடுங்கள். பந்தல் மூடிய பிறகு விதைத்தால் நிழலில் முளைத்து வெளிறி நிற்கும். நான் ஒருமுறை விதைக்காசை அப்படித்தான் விட்டேன்.

மட்கிய தொழுவுரம் வெளியில் வாங்கினால், அந்த மாட்டுக்காரர் பெயரையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வில் கேட்பார்கள். கோழிப்பண்ணை எரு மலிவாகக் கிடைக்கிறதே என்று இறக்கிவிடாதீர்கள், பெரிய பண்ணைக் கழிவுக்குக் கட்டுப்பாடு உண்டு.

நம் பகுதியின் பழைய தோட்டங்களில் கண்ணுக்குத் தெரியாத எதிரி நூற்புழு. கொடி காரணமில்லாமல் சோம்பினால் வேரைத் தோண்டிப் பாருங்கள், முடிச்சு முடிச்சாக இருக்கும். கொடிக்குக் கால் கிலோ வேப்பம் பிண்ணாக்கு, அதோடு சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா கலந்த தொழுவுரம் என்று கவாத்துக்குக் கவாத்து கொடுத்து வருகிறேன். புதிதாக நடுபவர்கள் நூற்புழுவைத் தாங்கும் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய கன்றாக வாங்குங்கள். ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

6. பந்தலுக்கு அடியில் வெளிச்சம்

நடுப்பகலில் பந்தலுக்கு அடியில் நின்று தரையைப் பாருங்கள். வெயில் காசு காசாகச் சிதறிக் கிடக்க வேண்டும். ஒரே இருட்டாக இருந்தால் இலை அதிகம், ஈரம் காயாது. பக்கக் கொம்புகளைக் கிள்ளி, குலையைச் சுற்றியுள்ள இலைகளில் இரண்டு மூன்றை எடுத்துவிடுங்கள். முழுக்க உரித்துவிடக் கூடாது, சித்திரை வெயில் பழத்தைச் சுட்டுவிடும்.

ஒயினுக்கு என்றால் குலைகளையும் குறைக்க வேண்டும். சந்தைக்குப் பழகிய கை இதற்கு வராது. பிஞ்சில் நான் கிள்ளிப்போட்ட குலைகளைப் பார்த்துவிட்டு அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் கொடி தாங்குவதற்கு மேல் விட்டால் இனிப்பு ஏறாமல் நிற்கும், ஆலைக்காரர் கழித்துவிடுவார்.

7. தெளிப்பு: போர்டோ கலவையில் கவனம்

காலை ஆறு மணிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தோட்டத்தைச் சுற்றி இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே எண்ணெய் சிந்தியதுபோல மஞ்சள் திட்டு, அதே இடத்தில் அடியில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் பூப்பு என்றால் அது அடிச்சாம்பல். இலையின் மேலேயே சாம்பல் படிந்திருந்தால் சாம்பல் நோய். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

அடிச்சாம்பலுக்குப் போர்டோ கலவை. ஒரு சதவீதம் என்றால் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோ, நல்ல சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர். இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் டிரம்மில் ஐம்பது ஐம்பது லிட்டரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக்கொண்டே கலக்க வேண்டும். இரும்பு பாத்திரம் ஆகாது. கலந்ததும் சுத்தமான அரிவாள் முனையை முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம். அப்படியே அடித்தால் இலை கருகும். கலந்த அன்றே அடித்துத் தீர்த்துவிடுங்கள்.

இயற்கை முறையில் இது அனுமதிக்கப்பட்டது, ஆனால் கட்டுப்பாட்டோடு. பலர் "அதான் இயற்கையாச்சே" என்று வாரம் ஒருமுறை அடிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மயில்துத்தத்தில் கால் பங்கு தாமிரம். எனக்கு ஏக்கருக்கு 400 லிட்டர் தெளிப்பு ஆகிறது, அதாவது நான்கு கிலோ துத்தம், ஒரு கிலோ தாமிரம். ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பது ஏழு வருடத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ. வருடத்துக்குச் சராசரி நான்கு கிலோ, நம் ஏக்கர் கணக்கில் 1.6 கிலோ. இரண்டாவது தெளிப்பிலேயே தாண்டிவிடுவோம். தாமிரம் எங்கேயும் போகாது. மண்ணிலேயே தங்கி மண்புழுவைக் குறைக்கும். நான் அரை சதவீதமாகக் குறைத்து, மழைக்கு முன்னால் மட்டும், வருடத்துக்கு மூன்று முறைக்கு மேல் போவதில்லை. மற்ற நேரத்தில் சூடோமோனாஸ், அதேபோல இன்னொரு பாக்டீரியாவான பேசில்லஸ் சப்டிலிஸ். நோய் வந்த பிறகு இவை பெரிதாகக் காப்பாற்றாது, வருமுன் அடித்தால் வேலை செய்யும்.

சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம். வெயில் ஏறுவதற்கு முன் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இலை சுடும். அறுப்புக்கு ஒரு மாதம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். பழத்தோலில் கந்தகம் ஒட்டியிருந்தால் நொதிக்கும்போது அழுகிய முட்டை வாடை வரும். சந்தைப் பழத்தில் இது தெரியாது, ஒயினில் காட்டிக்கொடுத்துவிடும்.

பஞ்சகவ்யம் மூன்று சதவீதம், ஜீவாமிர்தம் எல்லாம் நானும் கொடுக்கிறேன். கொடி தெம்பாக இருக்கிறது. ஆனால் அடிச்சாம்பலுக்கு அதுவே மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடையில் "நூறு சதவீதம் ஆர்கானிக்" என்று எழுதிய பாட்டில்களில்தான் பெரிய பொறி. நான் வாங்கிய ஒன்றில் உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரமே இல்லை. அடிப்பதற்கு முதல் நாள், ஏதோ தோன்றி, சான்றுத் துறை ஆய்வாளருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "தொடாதீங்க" என்று ஒரே வார்த்தை. அடித்திருந்தால் மூன்று வருடமும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியிருக்கும். வாங்கும் முன் கேளுங்கள், வாங்கிய பிறகு இல்லை.

8. பக்கத்து வரப்பு

பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்தால் காற்றில் இங்கே வரும். இடைவெளி விட வேண்டும், வரப்போரம் உயரமாக எதையாவது வளர்க்க வேண்டும். நான் அகத்தியும் சவுண்டலும் போட்டேன், ஆட்டுக்குத் தழையும் ஆச்சு. பந்தலின் ஓர வரிசையை இயற்கைக் கணக்கில் சேர்க்காமல் தனியாக அறுத்து உள்ளூரில் விற்கிறேன். பக்கத்துக்காரரோடு சண்டை போடாதீர்கள். காற்று உங்கள் பக்கம் அடிக்காத நேரத்தில் அடிக்கச் சொல்லிக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. விசைத்தெளிப்பானை மட்டும் அவரிடம் இரவல் வாங்காதீர்கள்.

9. நோட்டு

ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம். என்ன வேலை, எந்த வரிசை, எவ்வளவு இடுபொருள், எங்கே வாங்கியது, ரசீது எண். ரசீதுகளை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். ஆய்வாளர் வந்தால் கொடியைப் பார்ப்பதைவிட நோட்டைத்தான் அதிகம் புரட்டுவார். மோட்டார் அறையையும் பார்ப்பார். என் மோட்டார் அறை மூலையில் அப்பா காலத்து யூரியா சாக்கு, காலி சாக்குதான், தேங்காய் போட்டுக் கட்டி வைத்திருந்தோம். அதற்கே விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. முதல் ஆய்வுக்கு முன்னால் பழைய டப்பா, சாக்கு எல்லாவற்றையும் தோட்டத்தை விட்டு அப்புறப்படுத்துங்கள்.

10. அறுப்பும் அனுப்புதலும்

நிறம் வந்த பத்தாம் நாளிலிருந்து இனிப்பை அளக்க ஆரம்பியுங்கள். குலையின் நுனிப் பழத்தை மட்டும் பிழியாதீர்கள், பல கொடிகளில் மேலும் கீழுமாக எடுத்துச் சேர்த்துப் பிழியுங்கள். அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். அட்டைப்பெட்டி வேண்டாம், காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கிரேட், அதிலும் தலை தட்ட நிரப்பாமல். அடியில் இருக்கும் பழம் நசுங்கினால் வழியிலேயே நொதிக்கத் தொடங்கிவிடும்.

சான்றிதழ் கையில் இருப்பது மட்டும் போதாது. விற்கும் ஒவ்வொரு லோடுக்கும் பரிவர்த்தனைச் சான்று என்று தனியாக ஒன்று வாங்க வேண்டும். எத்தனை கிலோ, யாருக்கு, எந்தத் தேதி என்று பதிவாகும். உங்கள் பயிர்த் திட்டத்தில் மதிப்பிட்ட விளைச்சலைவிட அதிகமாக விற்க முடியாது, அதனால் திட்டத்தில் கூச்சப்பட்டுக் குறைத்து எழுதாதீர்கள். ஏப்ரல், மேயில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள் என்பதால் கவாத்து முடிந்த மாதமே ஆலையோடு போட்ட ஒப்பந்தத்தின் நகலை அலுவலகத்தில் கொடுத்து வைத்துவிடுங்கள். போன வருடம் எனக்கு அந்தக் காகிதம் வந்து சேர்ந்தது லாரியில் கடைசி கிரேட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது.